ஜோசப் ஐயாவோட கதைகள்ல குறை சொல்லலாமா? – எங்க வாசிப்புக் கூட்டத்துக்கு அடிக்கடி வர்ற கேள்விகள்

இலங்கை மலையகத்துல, அட்டன்ல மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம எட்டுப் பத்துப் பேரு சேர்ந்து கதை வாசிக்கிறோம். எடம் ஒரு டியூஷன் கிளாஸ், கீழ ரொட்டிக்கடை, மேல நாங்க. இந்த வருசம் முழுக்க, தேயிலைத் தோட்டத்துச் சனத்தப் பத்தி எழுதின மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்போட கதைகள மட்டும் எடுத்து வரிவரியா வாசிக்கிறது, நல்லா வந்திருக்கிறதையும் கதைக்கிறது நொட்டையையும் கதைக்கிறதுன்னு முடிவு செஞ்சோம். அத வெளியில சொன்ன அன்னையில இருந்தே கேள்வி. பஸ்ஸுல பாக்கிறவங்க கேக்குறாங்க, வாட்ஸ்அப்ல கேக்குறாங்க, கோயில் திருவிழாவுல மாமா ஒருத்தர் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே கேட்டாரு. திரும்பத் திரும்ப ஒரே பதில சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிப் போடுறேன். பதில் எல்லாம் என்னோடது, கூட்டத்துல இருக்கிற மத்தவங்களுக்கு வேற கருத்து இருக்கு, சண்டையும் இருக்கு.

அவர விமர்சிக்க நீங்க யாரு?

வாசகர்கள். புத்தகம் அச்சாகி வந்துட்டா வாசிக்கிறவன் கதைக்கத்தான் செய்வான்.

விமர்சனம்னா குறை கண்டுபிடிக்கிறது தானே?

நம்ம பக்கம் அந்தச் சொல்லுக்கு அப்பிடி ஒரு பேரு வந்துட்டுது. "என்னைய விமர்சிச்சிட்டான்"னா திட்டிட்டான்னு அர்த்தம். நாங்க செய்றது வேற, ஒரு கதை எப்பிடி வேல செய்யுதுன்னு பாக்குறோம். ஸ்டோர்ல, அதான் தேயிலை பெக்டரில, டீமேக்கர் தேயிலைய எப்பிடிப் பாப்பாரு, காஞ்ச தூள கையில எடுத்து மோந்து பாப்பாரு, சாயம் ஊத்தி கலரப் பாப்பாரு, வாயில உறிஞ்சி துப்புவாரு, அப்பறம்தான் இது இந்த மாதிரின்னு சொல்லுவாரு. அவருக்குத் தேயிலை மேல கோவமா என்னா? சும்மா "நல்ல தேயிலை, நல்ல தேயிலை"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தா ஸ்டோர் ஓடாது.

நம்ம சனத்துக்காக எழுதின மனுசன். இருக்கிற ஒன்னு ரெண்டு பேரையும் இழுத்து விடணுமா?

இந்தக் கேள்விய கேக்குறவங்க மேல எனக்கு மரியாதை தான், ஏன்னா அவங்க அன்புல கேக்குறாங்க. ஆனா முதல்ல ஒரு திருத்தம், ஒன்னு ரெண்டு பேரு இல்ல. சி.வி. வேலுப்பிள்ளை, என்.எஸ்.எம். ராமையா, மாத்தளை சோமு, மல்லிகை சி. குமார், மு. சிவலிங்கம், 'தூரத்துப் பச்சை' எழுதின கோகிலம் சுப்பையான்னு அடுக்கிக்கிட்டே போகலாம். 60கள்ல வீரகேசரி பத்திரிகை மலையகச் சிறுகதைப் போட்டி வச்சு, அதுல தேறின கதைகள 1971ல 'கதைக்கனிகள்'னு ஒரு தொகுப்பாவே போட்டிச்சு. அவ்வளவு பேரு எழுதியிருக்கிற எடத்துல ஒருத்தர சாமியாக்கி மூலைல வைக்க வேண்டிய தேவையே இல்ல.

அடுத்தது, ஜோசப் ஐயாவே இந்த வேலைய செஞ்சவரு. 2000ல 'மலையகச் சிறுகதை வரலாறு'ன்னு ஒரு புத்தகம் போட்டாரு. மத்தவங்க கதைய உக்காந்து வாசிச்சு எடுத்து நிறுத்தின ஆளு, அவரு கதைய நாங்க வாசிச்சா கோவிக்க மாட்டாருன்னு நெனைக்கிறேன். 2022ல போயிட்டாரு, கேக்க ஏலாது.

"நம்ம வாழ்க்கைய அப்பிடியே எழுதியிருக்காரு." இதுக்கு மேல என்னா வேணும்?

இதுதான் என்னைய ரொம்ப நாளா தொந்தரவு செய்ற வசனம். நானே பல கூட்டத்துல இத சொல்லியிருக்கேன், கைதட்டும் வாங்கியிருக்கேன்.

யோசிச்சுப் பாருங்க, அப்பிடியே எழுதுறதுதான் பெருமைன்னா மலைல ஒரு கேமராவ வச்சிருந்தா போதுமே. லயத்து வாழ்க்கைய, அதான் தோட்டத் தொழிலாளி குடும்பங்க வரிசையா ஒட்டியிருக்கிற அறைகள்ல வாழ்ற வாழ்க்கைய, ரிப்போட்டா எழுதினவங்க எத்தனையோ பேரு, என்.ஜி.ஓ.காரங்க எழுதினாங்க, கெம்பஸ்ல ஆராய்ச்சி எழுதினாங்க, எல்லாம் உண்மைதான், அதுல எத எடுத்து ராத்திரி ரெண்டாம் தடவ வாசிச்சீங்க? ஒன்னும் இல்லல்ல. ஜோசப்போட கதைய நீங்க மறக்காம வச்சிருக்கிறதுக்குக் காரணம் அதுல லயம் இருக்குங்கறது மட்டும் இல்ல, அந்த லயத்த எந்த எடத்துல நின்னு காட்டுறாரு, எத சொல்றாரு, எத சொல்லாம விடுறாரு, அதுல இருக்கு விசயம். அத கவனிக்காம "நம்ம துன்பத்துக்கு சாட்சி"ன்னு மட்டும் சொல்லும்போது நம்ம அவர எழுத்தாளர்ங்கற எடத்துல இருந்து எறக்கி கோர்ட்டுல சாட்சிக் கூண்டுல நிக்க வைக்கிறோம். பொன்னாடை போத்திக்கிட்டே செய்றோம், அதான் யாருக்கும் வெளங்குறது இல்ல.

இன்னொன்னு, வெளியில இருக்கிறவங்களும் இதத்தான் செய்றாங்க. யாழ்ப்பாணத்துக் கதைன்னா கதை, தமிழ்நாட்டுக் கதைன்னா கதை, மலையகத்துக் கதைன்னா மட்டும் தகவல். 2013ல தமிழ்நாட்டுல விஷ்ணுபுரம் விருது ஜோசப்புக்குக் குடுத்தப்ப எனக்கு சந்தோசம் வந்தது விருதுக்காக மட்டும் இல்ல, ஒரு எழுத்தாளர்னு கூப்பிட்டு எழுத்தப் பத்திக் கதைச்சாங்களேன்னு தான்.

சரி, எப்பிடி வாசிக்கிறது? ஒரு கதைய எடுத்துக் காட்டுங்க.

'மீன்கள்' எடுப்போம். வாசிக்காதவங்க முதல்ல வாசிச்சிட்டு வாங்க, நான் இங்க எழுதுறத வாசிச்சா கதையோட அடி கொஞ்சம் கொறையும்.

ஒரு காம்பரா, லயத்துல ஒரு அறை. பத்துக்குப் பன்னெண்டு அடின்னு நம்ம எல்லாரும் வாய்ப்பாடு மாதிரி சொல்ற அளவு. அதுக்குள்ள புருசன், பொஞ்சாதி, வளந்த புள்ளைங்க. ராத்திரி இருட்டுல அப்பனோட கை தவறான எடத்துல படுது. இவ்வளவு சொன்னாலே உங்களுக்கு வயித்துக்குள்ள என்னமோ செய்யும், ஏன்னா லயத்துல பொறந்த எவனுக்கும் இது கதைல நடக்கிற விசயம் இல்ல, நடந்திடுமோன்னு ஒவ்வொரு வீட்டுலயும் வாய் தொறக்காம வச்சிருக்கிற பயம். அம்மாமாருங்க பொண்ணு வயசுக்கு வந்ததும் ஆச்சி வீட்டுல படுக்க அனுப்புறது, அண்ணன்மாரு இஸ்தோப்புல, அதான் வெளித் திண்ணைல, சாக்க விரிச்சிக்கிறது, இதெல்லாம் ஏன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

முதல் வாசிப்புல எங்க கூட்டத்துல எல்லாரும் சொன்னது "வீட்டுப் பிரச்சினைய எழுதியிருக்காரு". சரி. ரெண்டாம் தடவ வாசிக்கும்போது நான் ஒரே ஒரு கேள்விய மட்டும் கேக்கச் சொன்னேன், கதை யார் மேல கோவப்படுது? அப்பன் மேலயா, தோட்டத்து மேலயா, இல்ல யார் மேலயுமே இல்லியா? அந்த ஒரு கேள்விக்கு ஒன்றரை மணித்தியாலம் போச்சு. டீச்சர் ஒருத்தங்க அப்பன் தப்பிச்சிட்டான்னு சொன்னாங்க, கதை அவன் பக்கம் சாஞ்சிருக்கு, அந்தப் பொண்ணோட மனசுக்குள்ள நம்ம போகவே இல்லன்னாங்க. ஸ்டோர்ல வேல செய்ற தம்பி அதுக்கு, குத்தவாளின்னு ஒருத்தனக் காட்டிட்டா காம்பரா தப்பிச்சிடுமே டீச்சர்னு சொன்னான். ரெண்டுமே கனமான வாசிப்பு. டீச்சர் சொன்னது ஒரு குறை, அத குறைன்னு சொல்றதுக்கு நம்ம பயப்படக் கூடாது. தம்பி சொன்னது அந்தக் குறைக்குள்ளயே இருக்கிற ஒரு காரணம். எனக்கு இன்னமும் டீச்சர் பக்கம் தான் மனசு போகுது.

அப்பறம் தலைப்பு. என்னாத்துக்கு மீன்கள்? ஒருத்தர் டின்மீன் மாதிரி அடுக்கிக் கெடக்கிறாங்கன்னு சொன்னாரு, எல்லாரும் சிரிச்சோம், சிரிச்சிட்டு கம்முனு ஆகிட்டோம். ஸ்கூல்ல ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற தங்கச்சி ஒன்னு ரொம்ப நேரம் பேசாம இருந்திட்டு, மீனுக்கு இமை இல்ல, அதுனால கண்ண மூட ஏலாது, அந்தக் காம்பராவுலயும் யாரும் கண்ண மூட ஏலாதுன்னு சொல்லிச்சு. நான் இருபது வருசமா வாசிக்கிற கதை, எனக்கு அது தோணல. ஜோசப் அத நெனச்சு வச்சாரான்னு கேட்டீங்கன்னா, அது அடுத்த கேள்வி.

எழுத்தாளர் நெனைக்காதத எல்லாம் நீங்களா கற்பிச்சிக்கிறீங்களே?

கற்பிக்கலாம், ஆனா கதை அதுக்கு எடம் குடுக்கணும். எங்க கூட்டத்துல சட்டம் இருக்கு, எத சொன்னாலும் "எந்தப் பக்கம், எந்த வரி"ன்னு காட்டணும். வரி காட்ட முடியலன்னா தேத்தண்ணி காசு அவரு கட்டணும். அந்தத் தங்கச்சிக்கிட்டயும் கேட்டோம், அது புத்தகத்த தொறந்து தூக்கமில்லாம கெடக்கிற எடங்கள ஒன்னொன்னா காட்டப் பாத்துச்சு, பாதிதான் ஒத்து வந்திச்சு, பாதி வரல. பாதிக் காசு கட்டிச்சு.

"நான் ஐயாவோட நேர்ல கதைச்சிருக்கேன், அவரு சொன்னாரு"ன்னு ஆரம்பிக்கிறவங்களுக்கும் இதே சட்டம் தான். அவரு சொன்னது பெறுமதியான விசயம், எழுதி வைங்க. ஆனா கதைல என்னா இருக்குங்கறதுக்கு கதைதான் பதில் சொல்லணும்.

வரலாறு தெரியாம வாசிக்க ஏலுமா?

ஏலும், கொஞ்ச தூரம். அவரோட முதல் சிறுகதைத் தொகுதி 'நாமிருக்கும் நாடே', 1979ல வந்தது. தலைப்ப வாசிச்ச ஒடனே பாரதி பாட்டு காதுல கேக்கும், நாமிருக்கும் நாடு நமதுன்னு பாடினாருல்ல. பாரதி பாட்டுல அது கொண்டாட்டம். இப்ப அதே சொல்ல ஒரு மலையகத்தான் 1979ல சொன்னா என்னா ஆகும்? 1948ல குடியுரிமைச் சட்டம் வந்து நம்மள நாடில்லாதவங்க ஆக்கிட்டுது. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உக்காந்து 5,25,000 பேர இந்தியாவுக்கும் 3,00,000 பேர இலங்கைக்கும்னு பங்கு போட்டாங்க, மிச்சம் இருந்த ஒன்றரை லட்சத்த 1974ல ஆளுக்குப் பாதின்னு பிரிச்சாங்க. ஒரே லயத்துல அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. அட்டன் ஸ்டேசன்ல கட்டிப்புடிச்சு அழுத கதைய எங்க தாத்தா சொல்லி நான் கேட்டிருக்கேன். அந்த நேரத்துல "நாமிருக்கும் நாடே"ன்னா, எந்த நாடுய்யா? கூப்பிடுறதா, கேக்குறதா, நக்கலா? அந்த கடைசி 'ஏ' என்னா வேல செய்யுதுன்னு மட்டும் ஒரு மணித்தியாலம் கதைக்கலாம், பாரதியோட வரில அந்த ஏகாரம் இல்ல. இவரு சேத்தது.

இந்த வருசக் கணக்கு தெரியாதவனுக்கு தலைப்பு வெறும் தேசபக்தி மாதிரி தெரியும். ஆனா இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு, வரலாறு தெரிஞ்சவங்க கதைய வாசிக்காமலே 1948, 1964ன்னு ஒரு லெக்சர் குடுத்துட்டுப் போயிடுவாங்க. எங்க கூட்டத்துல முதல் அரை மணித்தியாலத்துக்கு வருசம் சொல்லத் தடை.

கைலாசபதி, சிவத்தம்பின்னு விமர்சகர்மார எல்லாம் படிச்சிட்டுத் தான் வரணுமா?

இல்ல. படிச்சா நல்லம். சிவத்தம்பியோட 'தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்' 1967, கைலாசபதியோட 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968, ரெண்டும் இன்னைக்கும் வாசிக்க ஏலும். அவங்க இல்லன்னா தோட்டத்துக் கதையெல்லாம் பேப்பர்ல ஒரு மூலைல வந்து அப்பிடியே போயிருக்கும்னு நெனைக்கிறேன், எழுத்துக்குப் பின்னால இருக்கிற சமூகத்தப் பாருன்னு சொல்லிக் குடுத்தவங்க அவங்க. ஆனா அந்தப் பார்வைய அரைகுறையா புடிச்சிக்கிட்டவங்களால ஒரு தொல்லையும் வந்திச்சு. ஆளுங்கள வேல வாங்குற கங்காணின்னா கெட்டவன், கணக்கப்பிள்ளைன்னா பொம்பளப் பித்தன், தொழிலாளின்னா தங்கம், கடைசிப் பந்தில செவப்பா சூரியன். இப்பிடி எத்தன கதை வாசிச்சிருப்போம், 60கள்லயும் 70கள்லயும் வண்டி வண்டியா வந்திச்சு. ஜோசப் அந்த அச்சுல இருந்து நெறய எடத்துல விலகிப் போறாரு. சில எடத்துல அவருக்கும் கடைசிப் பந்தி நீண்டு போகுதுன்னு எனக்கு ஒரு எண்ணம், கதை முடிஞ்ச பெறகும் ஒரு குரல் நின்னு வெளக்கம் சொல்ற மாதிரி. எந்தக் கதைன்னு இங்க சொல்ல மாட்டேன், கூட்டத்துக்கு வாங்க.

பேச்சுத் தமிழ்ல எழுதினா அது இலக்கியமா?

இந்தச் சண்டை 60கள் ஆரம்பத்துலயே நடந்து முடிஞ்சிட்டுது. மரபுப் பண்டிதர்மாரு பாத்திரங்க பேசுற பேச்ச அப்பிடியே எழுதினத 'இழிசனர் வழக்கு'ன்னு சொன்னாங்க, முற்போக்கு எழுத்தாளர்மாரு திருப்பிக் குடுத்தாங்க. இப்ப கேக்க வேண்டியது வேற. எந்தப் பேச்சு? காலைல ஆளுங்க கூடுற பெரட்டுக்களத்துல கங்காணி பேர் போடும்போது பேசுறதும், தண்ணி எடுக்கிற பீலிக்கரைல பொம்பளைங்க பேசுறதும், தோட்டத்துத் தொர முன்னால நிக்கும்போது பேசுறதும் ஒன்னா? ஒரே ஆளோட பேச்சு எடத்துக்கு எடம் மாறுதான்னு பாருங்க. மாறலன்னா எழுத்தாளருக்கு காது அவ்வளவு இல்லன்னு சொல்லலாம்.

வெளியாள் எழுதினா ஒத்துக்கலாமா?

புதுமைப்பித்தன் இலங்கைக்கு வராமலே நம்ம தோட்டத்த வச்சு 1935ல 'துன்பக்கேணி' எழுதினாரு. நம்மாளுங்க பல பேரு தகவல் பிழைன்னு தள்ளிடுவாங்க. எனக்கு அந்தக் கதைல இருக்கிற ஆத்திரம் புடிக்கும், ஆனா அதுல மலை இல்ல, நரகம்னு ஒரு படம் தான் இருக்கு. ராமையாவோட 'ஒரு கூடைக் கொழுந்து' பக்கத்துல வச்சு வாசிங்க. அங்க கொழுந்து எடுக்கிறதே கதை.

எங்கம்மாவுக்கு அஞ்சாம் வகுப்பு தான், அவங்கள கூட்டிட்டு வரலாமா?

கட்டாயம். எங்கம்மா முப்பத்தேழு வருசம் கொழுந்து எடுத்தாங்க. 'ஒரு கூடைக் கொழுந்து'வ நான் தான் சத்தமா வாசிச்சுக் காட்டினேன், ஒரு மழைநாள், கரண்ட் இல்ல, மெழுகுதிரி வெளிச்சத்துல. நடுவுல நடுவுல நிப்பாட்டி "அழகா எழுதியிருக்காருல்ல"ன்னு நான் சொல்றேன், அம்மா ஒன்னும் சொல்லல. முடிச்சதும் கேட்டாங்க, அந்தப் புள்ளைக்கு எந்த நெர குடுத்தாங்க?

நெரன்னா கொழுந்து எடுக்க ஆளாளுக்குப் பிரிச்சுக் குடுக்கிற தேயிலை வரிசை. ஆனா கேள்வி எனக்கு வெளங்கல. எந்த நெரயா இருந்தா என்னாம்மா?

என்னைய பாத்த பார்வை இருக்கே. நல்ல நெர யாருக்கு, பள்ளத்துல கல்லுல ஏறி எறங்குற நெர யாருக்கு, கடைசித் தொங்கல்ல யாரு, அத வச்சுத்தானடா அன்னைக்கு எத்தன கிலோன்னு முடிவாகுது, நெர குடுக்கிறவன் கையில தானடா மலை இருக்கு. கூடையில எவ்வளவு இருக்குன்னு சந்தேகப்படுறவனுக்கு முதல்ல அவ எங்கன நின்னு எடுத்தான்னு தெரியணும். அப்பறம் நிறுக்கிற எடத்துல தண்ணிக்கு, சாக்குக்குன்னு கிலோ கழிக்கிற கதைக்குப் போயிட்டாங்க, அது அவங்க சொந்தக் கதை, அதுல பேர் சொல்லித் திட்டின ஆளுங்க எல்லாம் இங்க வேணாம்.

நான் எம்.ஏ. முடிச்சவன். அந்தக் கதையப் பத்தி ஒரு கட்டுரை எழுதி, படிமம், குறியீடுன்னு எல்லாம் போட்டு, ஒரு மலர்ல வந்தும் இருக்கு. நெரங்கற சொல்ல அந்தக் கட்டுரைல ஒரு எடத்துலயும் நான் தொடல. அடுத்த நாள் கதைய எடுத்து நெரய மட்டும் வெரலால தொட்டுத் தொட்டு வாசிச்சேன்.

ஏ.எல். பரீட்சைக்கு இது ஒதவுமா?

நேரடியா ஒதவாது. நோட்ஸ் கேக்காதீங்க.

குறை சொன்னா சண்டை வருதே?

வரும். போன வருசம் ஒரு நினைவுக் கூட்டத்துல பேசக் கூப்பிட்டாங்க, எந்த அமைப்புன்னு வேணாம். நான் ஒரு நாவல்ல நடுப்பகுதி தொய்யுதுன்னு அஞ்சு நிமிசம் சொன்னேன், அதுக்கு முன்னால பதினஞ்சு நிமிசம் ஏன் அந்த நாவல் எனக்கு முக்கியம்னு சொன்னத யாரும் கணக்குல எடுக்கல. முன் வரிசைல இருந்த பெரியவர் எழும்பி "தம்பி, நீ எத்தன நாவல் எழுதியிருக்கே?"ன்னு கேட்டாரு. கைதட்டு. எனக்குக் குடுக்க வச்சிருந்த பொன்னாடைய வேற ஒருத்தருக்குப் போத்திட்டாங்க. அந்த ராத்திரி பஸ்ஸுல வரும்போது கோவமா தான் இருந்திச்சு. ஆனா மத்த நாள் அந்தப் பெரியவரே யார்கிட்டயோ நம்பர் வாங்கி கோல் எடுத்து, "நீ சொன்ன எடத்த திரும்ப வாசிச்சேன், தொய்யல, நீ அவசரமா வாசிச்சிருக்கே"ன்னு நாப்பது நிமிசம் கதைச்சாரு, பக்க நம்பரோட. மூனு எடத்துல அவரு சொன்னது சரி. நாலாவது எடத்துல நான் விட்டுக் குடுக்கல. இப்ப அவரு எங்க கூட்டத்துக்கு வர்றாரு, தேத்தண்ணி காசு அதிகமா கட்டுறதும் அவரு தான்.

புத்தகம் எங்க கெடைக்கும்?

கடைல கஷ்டம். நூலகம் வெப்சைட்ல இலங்கைப் புத்தகங்க நெறய ஸ்கேன் செஞ்சு போட்டிருக்காங்க, இலவசம், போன்லயே வாசிக்கலாம். தமிழ்நாட்டுப் பதிப்பும் கொஞ்சம் இருக்கு, கொழும்புக்குப் போறவங்கக்கிட்ட சொல்லி வைங்க. அதுவும் இல்லன்னா எங்கக்கிட்ட போட்டோகொப்பி இருக்கு, வாசிச்சிட்டுத் திருப்பித் தாங்க, மஞ்சள் படுற மாதிரி கறிச்சட்டிப் பக்கத்துல வைக்காதீங்க.

வாசிச்சேன், எனக்குப் புடிக்கல. சொல்லலாமா?

சொல்லுங்க. எந்தப் பக்கம், எந்த வரி?

அடுத்த கூட்டத்துக்கு என்னா கதை?

'குடை நிழல்' தொடங்குறோம், 2010ல வந்த நாவல், மலைய விட்டுட்டு கொழும்புக்குப் போகுது, அதுனால லயத்தக் காட்டித் தப்பிக்க ஏலாது. முதல் மூனு அத்தியாயம் ரெண்டு தடவ வாசிச்சிட்டு வாங்க. ஒரு கொப்பி, ஒரு பென்சில். ரெண்டு மணிக்குன்னா ரெண்டு மணி, கடைசி பஸ் அஞ்சே முக்காலுக்குப் போயிடும். எங்கம்மாவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.